உயர்நிலைப் பள்ளி ஆசிரியப் பணியில் களைப்பு எங்கிருந்து வருகிறது, மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது?

ஆசிரியப் பயிற்சியை முடித்துவிட்டு, வரும் கல்வியாண்டில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பணியில் சேரவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "பதின்பருவத்து மாணவர்களுக்குப் பாடம் நடத்துவோரின் அன்றாடம் உண்மையில் எப்படி இருக்கும்? பணியில் இருப்பவர்களிடம் பேசினால் பெரும்பாலும் களைப்பைப் பற்றியே சொல்கிறார்கள். ஆனாலும் அவர்களில் பலர் பணியை விட்டுப் போவதில்லை. அந்தக் களைப்பு எதனால் வருகிறது? மகிழ்ச்சி என்று ஒன்று இருந்தால் அது எதனால் வருகிறது?"

நான் 24 ஆண்டுகளாக ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கணிதம் கற்பித்து வருகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டு பாடம் நடத்துவதால் வரும் களைப்பு ஓர் இரவுத் தூக்கத்தில் தீர்ந்துவிடும். தீராமல் சேர்ந்துகொண்டே போகும் களைப்பு, கவனத்தை ஓயாமல் செலவிடுவதால் வருவது. ஒரே நேரத்தில் நாற்பது பேர் மீது வைக்க வேண்டிய கவனம், அவர்களில் ஒருவர் மீது மட்டும் வைக்க வேண்டிய கவனம், இவை இரண்டுக்கும் நடுவே பதிவேடுகளும் படிவங்களும் கேட்கும் கவனம் என்று அது பல திசைகளில் கரைந்துபோகிறது. மகிழ்ச்சியும் அதே கவனத்தின் வழியாகத்தான் வருகிறது. மாணவரைக் கூர்ந்து பார்க்க முடியாத நாளில், மகிழ வேண்டியவை நடந்தாலும் அவை நம் கண்ணில் படுவதில்லை. ஆகவே இந்தப் பணியில் நீடிக்க விரும்பும் ஒருவர், தம் கவனத்தை எது எடுத்துக்கொள்கிறது, அதற்கு ஈடாக எது எதையேனும் திருப்பித் தருகிறது என்று தொடக்கத்திலேயே பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு பாடவேளையின் முதல் ஐந்து நிமிடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குள் நுழையும்போதே, எப்போதும் ஒன்றாக அமரும் இரு மாணவியர் இன்று தனித்தனியாக அமர்ந்திருப்பது தெரிகிறது. கரும்பலகையில் முந்தைய பாடவேளையின் வேதிச் சமன்பாடுகள் அழிக்கப்படாமல் இருக்கின்றன. ஒருவர் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதை அவர் பையைத் துழாவும் விதமே சொல்லிவிடுகிறது. ஒருவர் வெளியே போக அனுமதி கேட்கிறார். வருகைப்பதிவு பாதியில் இருக்கும்போது, ஒருவர் தாமதமாக வந்து வாசலில் நிற்கிறார். அவர் முகம் தூக்கக் கலக்கத்தைக் காட்டுகிறதா, அழுத களையைக் காட்டுகிறதா என்று உடனே தெரியவில்லை. இவை ஒவ்வொன்றிலும் இப்போதே கேட்பதா, பிறகு தனியே கேட்பதா, பார்க்காததுபோல் விட்டுவிடுவதா என்று ஓரிரு நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். அமெரிக்கக் கல்வியியலாளர் பிலிப் ஜாக்சன் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் நெடுநாட்கள் அமர்ந்து கவனித்துவிட்டு, ஓர் ஆசிரியர் ஒரே நாளில் ஆயிரம் முறை வரை பிறருடன் இவ்வாறு ஊடாட நேர்கிறது என்று 1968-இல் எழுதினார். உயர்நிலை வகுப்பிலோ மணி அடித்ததும் நாற்பது புதிய முகங்கள் வந்துவிடுகின்றன. அந்த நாற்பது பேரின் மனநிலையையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. மாலையில் வீடு திரும்பியதும், "இரவு என்ன சமைக்கலாம்?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தோன்றாமல் நிற்பது சோம்பலால் வருவதன்று. அன்றைக்கு எடுக்க வேண்டிய முடிவுகளையெல்லாம் பள்ளியிலேயே எடுத்துத் தீர்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

புதிதாகச் சேருவோர் மிகவும் அஞ்சுவது வகுப்பின் ஒழுங்கைப் பற்றித்தான். நானும் அஞ்சினேன். முதல் இரண்டு ஆண்டுகளில், பின்வரிசையில் யாராவது பேசினால் பாடத்தை நிறுத்திவிட்டு, அவரை எழுப்பி நிற்க வைத்து, உரத்த குரலில் கண்டிப்பேன். கண்டித்து முடிப்பதற்குள் ஐந்து நிமிடம் போயிருக்கும். தேற்றத்தின் எந்தப் படியில் நின்றோம் என்பது எனக்கே மறந்துபோயிருக்கும். எந்தத் தவறும் செய்யாத முப்பத்தொன்பது பேர் தங்கள் பாடத்தை இழந்திருப்பார்கள். ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் வகுப்பறைகளைக் காணொளியில் பதிவுசெய்து ஆராய்ந்து 1970-இல் வெளியிட்ட முடிவுகளைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். ஒழுங்காக நடக்கும் வகுப்புகளின் ஆசிரியர்களும், கட்டுக்கடங்காத வகுப்புகளின் ஆசிரியர்களும், தவறு நடந்த பிறகு கண்டிக்கும் முறையில் பெரிதாக வேறுபடவில்லை என்று அவர் கண்டார். நல்ல ஆசிரியர்களின் திறமை அதற்கு முன்பே வெளிப்பட்டது: வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும் என்பதை மாணவர்கள் உணர்ந்திருந்தார்கள், பாடமும் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தடங்கலின்றி நகர்ந்தது. படித்தபோது, என் முதல் இரண்டு ஆண்டுகளை எண்ணி வருந்தினேன். இப்போது நான் பாடம் சொல்லிக்கொண்டே மேசைகளுக்கு நடுவே நடக்கிறேன். பேசிக்கொண்டிருப்பவர் அருகில் போய், அவரது நோட்டில் அடுத்து எழுத வேண்டிய வரியின் மீது விரலை வைக்கிறேன். வாக்கியம் நடுவில் முறிவதில்லை. அவருக்கும் மற்றவர் முன் தலைகுனிவு நேர்வதில்லை.

பதின்பருவத்தினரிடம் இந்தத் தலைகுனிவு என்பது மிகப் பெரிய செய்தி. பதினைந்து வயதில் ஒருவருக்குத் தம் வயதையொத்தவர்களின் பார்வையைவிடக் கனமானது வேறொன்றும் இல்லை. எல்லார் முன்பும் கண்டிக்கப்பட்ட மாணவருக்கு, பணிவதைக் காட்டிலும் எதிர்த்துப் பேசுவதே மானத்தைக் காப்பாற்றும் வழியாகத் தெரிகிறது. அதே சொற்களை வகுப்பு முடிந்த பின் தனியே சொன்னால் அவர் கேட்டுக்கொள்கிறார். முதல் பாடவேளையில் கண் சொருகுபவரையும் உடனே அலட்சியக்காரராக எண்ணிவிட வேண்டாம். இந்த வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு இரவில் பிந்தித் தொடங்குகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று 2014-இல் பரிந்துரைத்ததற்கு இதுவே காரணம். பள்ளியின் நேரத்தை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. ஆனால் காலையின் முதல் அரைமணியில் புதிய கருத்தைத் தொடங்குவதற்குப் பதில், நேற்றைய கணக்கு ஒன்றை இருவர் இருவராகச் சேர்ந்து போடச் சொல்ல நம்மால் முடியும்.

இனி மகிழ்ச்சிக்கு வருகிறேன். அதைப் பற்றிப் பொதுவாகச் சொன்னால் எல்லாரும் சொல்வது போலவே இருக்கும் என்பதால் ஒரு வகுப்பைச் சொல்கிறேன்.

மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை உரையாடல்களைப் பதிவுசெய்து அளந்தபோது, கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடியளவே என்று தெரியவந்தது. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, பதில் வராமல் போவது குறைந்தது, மாணவர்கள் தாமாகப் பேசுவது கூடியது. மூன்று நொடி என்பது படிக்கும்போது அற்பமாகத் தோன்றும். வகுப்பின் முன் நின்று பாருங்கள்; அந்த மௌனம் அவ்வளவு நீளமாக இருக்கும். நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு காத்திருக்கப் பழகினேன். அப்படிக் காத்திருந்த ஒரு நாளில், ஒன்பதாம் வகுப்பில், மைனஸ் எண்ணை மைனஸ் எண்ணால் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது என்ற கேள்வி எழுந்தது. "அது விதி" என்று சொல்லிக் கடந்துவிடலாம். நெடுநாள் நானும் அப்படித்தான் கடந்திருக்கிறேன். அன்று கடக்கவில்லை. பூஜ்ஜியத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்ஜியமே வரும் என்பதை முதலில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒன்றையும் மைனஸ் ஒன்றையும் கூட்டினால் பூஜ்ஜியம். ஆகவே அந்தக் கூட்டுத்தொகையை மைனஸ் ஒன்றால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான் வர வேண்டும். இப்போது உள்ளே இருக்கும் இரண்டையும் தனித்தனியே பெருக்குவோம். முதல் பகுதி மைனஸ் ஒன்று. இரண்டாம் பகுதி, மைனஸ் ஒன்று பெருக்கல் மைனஸ் ஒன்று. இரண்டும் சேர்ந்து பூஜ்ஜியம் ஆக வேண்டுமென்றால் இந்த இரண்டாம் பகுதி என்னவாக இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மனத்துக்குள் எண்ணினேன். அந்த ஆண்டு முழுவதும் வாய் திறந்திராத ஒரு மாணவி, யாரையும் பார்க்காமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள்: "அப்போ அது விதி இல்லை டீச்சர். வேற வழியே இல்லை."

கணிதத்தில் நிரூபணம் என்றால் என்ன என்பதை நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அவள் சொன்னதைவிட நன்றாகச் சொன்னதில்லை. அன்றைய மீதி நேரம் எனக்குக் கால் தரையில் படவில்லை. அந்தப் பாடவேளைக்குப் பின் மதிப்பெண் பட்டியல் ஒன்றை மூன்றாம் முறையாகத் திருத்தி எழுத வேண்டியிருந்தது, அதையும் சலிப்பின்றி எழுதி முடித்தேன். நான் முன்னால் சொன்ன ஈடு இதுதான். அது எப்போது வரும் என்று நம்மால் ஏற்பாடு செய்ய முடியாது. ஆனால் அந்த நான்கு நொடி நின்றிராவிட்டால் அது வந்திருக்கவே முடியாது.

ஆசிரியரின் நேரத்தைப் பெருமளவு எடுத்துக்கொள்வது விடைத்தாள். வெளியே இருப்பவர்களுக்கு இதன் அளவு தெரிவதில்லை. நான்கு பிரிவுகளுக்குப் பாடம் நடத்துபவரிடம் 160 விடைத்தாள்கள் வந்து சேரும். ஒரு தாளுக்கு எட்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 1,280 நிமிடங்கள், அதாவது 21 மணி நேரத்துக்கும் மேல். பள்ளி நேரத்தில் கிடைக்கும் ஓய்வுப் பாடவேளைகளில் இது முடியாது. விடுமுறை நாளுக்கும் இரவுக்கும்தான் போகும். நேரத்தைவிடவும் என்னை அதிகம் வருத்துவது, இந்த மதிப்பீடு நியாயமானதுதானா என்ற கேள்வி. நன்னூல் நல்லாசிரியருக்குச் சொல்லும் நான்கு உவமைகளில் நிறைகோலும் ஒன்று. ஐயம் தீருமாறு எடையைக் காட்டி, எப்பக்கமும் சாயாமல் நிற்பதால் தராசு ஆசிரியருக்கு ஒப்பாகிறது. அந்தத் தராசு எவ்வளவு ஆடக்கூடியது என்பதை டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் 1912-இல் காட்டினார்கள். ஆங்கிலத் தேர்வின் ஒரே விடைத்தாளைப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னபோது, நூற்றுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண்கள் வந்தன. இன்னொரு தாளுக்கு 50 முதல் 97 வரை வந்தன. திருத்தியவர்கள் எல்லாருமே பொறுப்புள்ள ஆசிரியர்கள்தாம்.

என்னிடமும் இந்த ஆட்டம் உண்டு என்பதை நான் ஒருமுறை சோதித்துத் தெரிந்துகொண்டேன். இரவு பதினொரு மணிக்குத் திருத்திய தாள்கள் சிலவற்றை மறுநாள் காலை மதிப்பெண்ணை மறைத்துவிட்டு மீண்டும் திருத்தினேன். பாதிக்கு மேல் வேறு எண் வந்தது. அன்றிலிருந்து ஒருவரது தாளை முதலிலிருந்து கடைசி வரை திருத்துவதை விட்டுவிட்டேன். எல்லாருடைய முதல் வினாவையும் திருத்திவிட்டு, கட்டைக் கலைத்து அடுக்கி, பிறகு எல்லாருடைய இரண்டாம் வினாவுக்குப் போகிறேன். பெயர் எழுதிய பக்கத்தை மடித்துவிடுகிறேன், ஏனெனில் நன்றாகப் படிப்பவர் என்று தெரிந்தால் அவர் எழுதாததையும் எழுதியதாகப் படித்துவிடும் பழக்கம் கண்ணுக்கு உண்டு. முப்பது தாளுக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். இதனால் நேரம் மிச்சமாகவில்லை, சற்றுக் கூடத்தான் ஆகிறது. ஆனால் மாணவர் வந்து, "எனக்கு ஏன் இரண்டு மதிப்பெண் குறைந்தது?" என்று கேட்கும்போது நெஞ்சில் உறுத்தலில்லாமல் பதில் சொல்ல முடிகிறது.

திருத்துவதில் இன்னொன்றும் உண்டு. மதிப்பெண்ணையும் சிவப்பு மையில் குறிப்பையும் சேர்த்து எழுதித் தந்தால், மாணவர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் எண்ணோடு ஒப்பிடப் போய்விடுகிறார். ருத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்களிடமும், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களிடமும் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. தேர்வுகளில் மதிப்பெண் தராமல் இருக்க நமக்கு உரிமை இல்லை. வகுப்பில் நடத்தும் சிறு சோதனைகளில் அந்த உரிமை உண்டு. அவற்றில் நான் எண் எதுவும் இடுவதில்லை; "மூன்றாம் வரியில் குறி மாறியிருக்கிறது, ஏன் என்று கண்டுபிடி" என்று மட்டும் எழுதித் தருகிறேன்.

மற்ற அழுத்தங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். ஒரே தகவலை மூன்று படிவங்களில் நிரப்புவது, விடுப்பில் இருக்கும் ஆசிரியரின் வகுப்புக்குப் பதிலாக அனுப்பப்பட்டு இருந்த ஒரே ஓய்வுப் பாடவேளையை இழப்பது, இரவு பத்து மணிக்குப் பெற்றோரிடமிருந்து வரும் வாட்ஸ்அப் செய்தி ஆகியவை எல்லாப் பள்ளிகளிலும் ஏதாவது ஒரு வடிவில் இருக்கின்றன. இரவுச் செய்திக்குக் காலையில்தான் பதில் என்று ஆண்டின் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே பணிவாகச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலானோர் புரிந்துகொள்வார்கள். குரலைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுற்றிலும் ஓசை கூடும்போது நம்மை அறியாமலே நம் குரலும் உயர்கிறது. பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இல் விவரித்த விளைவு இது. வகுப்பு இரைய இரைய ஆசிரியர் கத்துகிறார். ஆசிரியர் கத்தக் கத்த வகுப்பு இன்னும் இரைகிறது. அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையேனும் குரல் கோளாறுக்கு உள்ளானதாக ஆசிரியர்களில் 57.7 விழுக்காட்டினர் கூறினர். மற்றத் தொழிலினரில் அது 28.8 விழுக்காடு. நான் இருமுறை வாரக்கணக்கில் குரலை இழந்திருக்கிறேன். இரண்டாம் முறை, பேச முடியாமல் கரும்பலகையில் எழுதியும் கையசைத்தும் பாடம் நடத்தியபோது, வகுப்பு வழக்கத்தைவிட அமைதியாக இருந்ததைக் கண்டேன். அதன்பின் வகுப்பின் கவனத்தை ஈர்க்கக் குரலை உயர்த்துவதில்லை. பேச்சை நிறுத்திவிட்டு ஓரிடத்தில் நிற்கிறேன்.

வெளியே தெரியாத உழைப்பு ஒன்றும் இருக்கிறது. வீட்டில் எவ்வளவு கவலை இருந்தாலும் வகுப்புக்குள் நுழையும்போது முகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். கோபம் வரும்போது அதில் எவ்வளவைக் காட்டுவது என்று அளந்து காட்ட வேண்டும். இவ்வாறு தொழிலின் பொருட்டு உணர்ச்சியை ஆள்வதும் ஓர் உழைப்பே என்று சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-இல் எடுத்துக்காட்டினார். இந்த உழைப்பு நெடுநாள் ஈடின்றிப் போனால் வருவதுதான் தொழில்சார் உளச்சோர்வு. 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் இதைப் பெயரிட்டு எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் இதை அளக்கும் வினாப்பட்டியலைத் தந்தார். அவர் இதில் மூன்று இழைகளைப் பிரித்தார்: உணர்ச்சி வற்றிப்போதல், மனிதர்களை மனிதர்களாகக் காணாமல் விலகிப்போதல், தம் பணியால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம். உலக சுகாதார அமைப்பு 2019-இல், இதை ஒரு நோயாக அல்லாமல் பணியிடம் சார்ந்த நிகழ்வாக வகைப்படுத்தியது. ஆகவே சோர்வுற்ற ஆசிரியரிடம், "மனத்தை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. பணியின் அளவையும் பார்க்க வேண்டும்.

மூன்றில் நான் மிகவும் அஞ்சுவது இரண்டாவதைத்தான். பதின்மூன்றாம் ஆண்டில் அது எனக்கு வந்தது. வழக்கமாக வந்தேன், பாடம் நடத்தினேன், தாள்களைத் திருத்தினேன். யாரும் எந்தக் குறையும் சொல்லவில்லை. ஆனால் ஆசிரியர் அறையில் பேசும்போது மாணவர்களைப் பெயரால் குறிப்பிடுவது என்னை விட்டுப் போயிருந்தது. "அந்தப் பிரிவில் பன்னிரண்டு பேர் தேறமாட்டார்கள்" என்று சொல்வேன். அந்தப் பன்னிரண்டு பேர் யார் யார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த ஆண்டுதான் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் வருகை வாரத்தில் ஐந்து நாளிலிருந்து மூன்றாகவும் இரண்டாகவும் குறைந்தது. நான் ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் அதைக் குறித்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசத் தோன்றியபோது அவன் ஒரு வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவன் திரும்பி வரவில்லை. அதன்பின், ஒருவர் தொடர்ந்து இரண்டாம் நாள் வரவில்லை என்றால் அன்றே வீட்டுக்குப் பேசிவிடுகிறேன். ஆனாலும் அவனைப் பொறுத்தவரை அதனால் ஆவது ஒன்றுமில்லை, அந்த வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. ஆசிரியப் பணியில் இப்படித் தீர்க்க முடியாதவை ஒன்றிரண்டு சேரும் என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

தீர்க்கக்கூடிய தவறுகளைத் தீர்த்துவிட வேண்டும். ஒருமுறை இருவர் விடைத்தாள்களில் ஒரே தவறான படி ஒரே இடத்தில் இருந்ததைக் கண்டு, ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியதாக வகுப்பிலேயே குற்றஞ்சாட்டினேன். இருவரும் மறுத்தார்கள், நான் நம்பவில்லை. அன்று மாலை மூன்றாம் ஒருவரின் நோட்டைத் திருத்தும்போது அதே தவறான படி அதிலும் இருந்தது. முந்தைய வாரம் அவசரத்தில் கரும்பலகையில் நானே அதைத் தவறாக எழுதியிருக்கிறேன். அதைக் கவனமாகப் படியெடுத்து நம்பிப் படித்ததுதான் அந்த இருவரும் செய்த பிழை. குற்றஞ்சாட்டியது எல்லார் முன்பும் என்பதால் மன்னிப்பையும் மறுநாள் எல்லார் முன்பும்தான் கேட்டேன். நாக்கு எழவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வகுப்பில், நான் பலகையில் எழுதும்போது, "டீச்சர், நாலாவது வரியைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லும் குரல்கள் வரத் தொடங்கின. அதைவிட நல்ல வகுப்பு எனக்கு அமைந்ததில்லை.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018-இல் பல நாடுகளின் இடைநிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், அதன் உறுப்பு நாடுகளின் சராசரியாக, பணியில் நிறைவு காண்பதாக 90 விழுக்காட்டினர் சொன்னார்கள். சமூகம் தங்கள் தொழிலை மதிக்கிறது என்று 26 விழுக்காட்டினர் மட்டுமே சொன்னார்கள். இந்த இரு எண்களையும் அருகருகே வைத்தால் உங்கள் கேள்வியின் ஒரு பகுதிக்கு, ஏன் பலர் விட்டுப் போவதில்லை என்பதற்கு, விடை கிடைக்கிறது. நிறைவு வெளியிலிருந்து வருவதில்லை, வகுப்பறைக்குள்ளிருந்து வருகிறது.

பல ஆண்டுகள் கழித்து வரும் நன்றியைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். அது வரும்போது நெஞ்சு நிறையும் என்பதை மறுக்கமாட்டேன். என்னிடம் படித்துச் செவிலியராக இருக்கும் ஒருவர், மருந்தின் அளவைக் கணக்கிட்டதும் விடையைத் திரும்பப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் என் வகுப்பில் வந்தது என்று சொன்னார். அவர் பத்தாம் வகுப்பில் எடுத்த மதிப்பெண் என் நினைவில் இல்லை, அவருக்கும் நினைவில்லை. ஆனால் இத்தகைய சொல் பத்தாண்டுக்கு ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். அதை எதிர்பார்த்து அன்றாடத்தை ஓட்ட முடியாது. அதனால் நான் பதினான்காம் ஆண்டிலிருந்து ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன். நாள்தோறும் ஒரு மாணவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அதில் எழுதுகிறேன். நான் சொன்னது எதையும் எழுதுவதில்லை. "வேற வழியே இல்லை" என்பது அதில்தான் இருக்கிறது. எழுத ஒன்றுமே கிடைக்காத நாட்களும் உண்டு. அவற்றைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் அன்று நான்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

உங்களுக்கு உடனடியாகப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். முதல் வாரத்தில் பாடக்குறிப்பு எழுதுவதில் செலவிடும் நேரத்தில் கால்மணியை எடுத்து, ஒவ்வொரு மாலையும் ஒரு வெற்றுத்தாளில் வகுப்பின் இருக்கைகளை வரைந்து, பதிவேட்டைப் பார்க்காமல் பெயர்களை நிரப்புங்கள். முதலில் வந்து விழும் பெயர்கள் நன்றாகப் படிப்பவர்களுடையவையாகவும் தொல்லை தருபவர்களுடையவையாகவும் இருக்கும். நடுவில் ஏழெட்டு இருக்கைகள் வெறுமையாக நிற்கும். அங்கே அமர்ந்திருப்பவர்களை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் கேள்வியை அவர்களில் ஒருவரிடம் கேட்டுவிட்டு, மனத்துக்குள் எண்ணிக்கொண்டு காத்திருங்கள்.